குட்டி நாயை வெளியே போகப் பழக்க: நேராக வாசலா, பேட்டா, கூண்டா?

சின்ன இனக் குட்டி நாய் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் "பாவம், குழந்தைதானே" என்று துடைத்துவிடுவோம். மூன்றாம் நாள் விடியற்காலையில், தூக்கக் கலக்கத்தில், வெறுங்காலோடு ஈரத்தில் மிதித்த பிறகுதான் இதை எப்படி வெளியே போகப் பழக்குவது என்று நாலு பேரிடம் கேட்க ஆரம்பிப்போம். ஒருவர் பேட், அதாவது ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு, போடுங்கள் என்பார். அடுத்தவர் பேட் போட்டால் நாய் கெட்டுவிடும் என்பார். கூண்டு இல்லாமல் முடியாது என்பார் மூன்றாமவர், கூண்டில் அடைப்பதே பாவம் என்பார் நான்காமவர். நாலு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வீட்டையும் ஆளுக்கொரு நாயையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

நான் பழக்கியது இரண்டு நாய்கள். முதலாவது வளர்ந்த பிறகும் இரண்டரைக் கிலோவைத் தாண்டாத பொடி. அதைப் பேட்டில் பழக்கிவிட்டு, பிறகு வெளியே மாற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டாவதை வந்த நாளிலிருந்தே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## சின்ன நாய்க்கு ஏன் தனியாகப் பேச வேண்டும்

பெரிய நாய் வளர்ப்பவர்கள் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்பார்கள். அவர்கள் நாய் கூடத்தில் போனால் குளம் கட்டும், கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது, உடனே பழக்கிவிடுவார்கள். நம் நாய் விடுவது இரண்டு ஸ்பூன். சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில், கட்டிலின் கால் ஓரத்தில் போய்விட்டு வந்து வாலாட்டும். நாற்றம் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் அந்த மூலை அதன் நிரந்தரக் கழிப்பறை ஆகியிருக்கும். சின்ன இனங்கள் பிடிவாதக்காரர்கள் என்ற பேச்சில் பாதி, நாம் கவனிக்காமல் விட்டதற்கு நாயின் மேல் போடும் பழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உடம்பும் ஒத்துழைக்காது. மூத்திரப்பை சின்னது. குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அதிகபட்சம் அடக்கக்கூடிய மணி நேரம் என்று ஒரு பொதுக் கணக்கு சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அது எல்லை மட்டும்தான். விழித்திருக்கும், ஓடியாடும் நேரத்தில் பொடி நாய்க்குட்டி அதில் பாதிகூடத் தாங்காது. போதாக்குறைக்கு, மிகச் சின்ன இனக் குட்டிகள் வெகுநேரம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டியிருக்கும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பித்துவிடும், சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வெளியே இருந்தாக வேண்டும். வேளை கூடினால் நடையும் கூடும்.

இன்னொரு வேடிக்கை. 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், நாயோ யானையோ, மூத்திரப்பையைக் காலி செய்ய ஏறக்குறைய 21 விநாடிதான் எடுக்கின்றன என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது, சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக்னோபல் பரிசும் மறு வருடம் அதற்குக் கிடைத்தது. அந்த மூன்று கிலோ வரம்புக்குள்கூட வராத நம் ஆள், நீங்கள் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதற்குள் வேலையை முடித்துவிடும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், பின்வருவனவற்றுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா? மற்ற எல்லாவற்றையும் விட இது பெரியது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் குட்டி தனியாக இருக்குமா, இருக்காதா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

கதவிலிருந்து மண் எவ்வளவு தூரம்? கதவைத் திறந்தால் புல் என்றால் ஒரு கணக்கு. லிஃப்டுக்குக் காத்திருந்து ஏழு மாடி இறங்க வேண்டும் என்றால் வேறு கணக்கு, ஏனென்றால் குட்டிக்கு முட்டியபின் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

தடுப்பூசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். குட்டிகளுக்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரையாவது போகும். அதுவரை மற்ற நாய்கள் வந்து போகும் பொது இடம் வேண்டாம். வேறு நாய் நுழையாத சொந்தத் தோட்டத்தைப் பெரும்பாலான மருத்துவர்கள் தடுப்பதில்லை, இருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குட்டி எங்கிருந்து வந்தது? பிறந்து மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் போகும். பிறகு தானாகவே படுக்கையை விட்டுத் தள்ளிப் போய்ப் போகத் தொடங்கும். எட்டு ஒன்பது வாரத்துக்குள், காலுக்கடியில் என்ன இருந்தால் போக வேண்டும் என்ற பழக்கம் படிய ஆரம்பித்துவிடும். புல்லில் வளர்ந்த குட்டி புல்லைத் தேடும், காகிதத்தில் வளர்ந்தது காகிதத்தை. அசுத்தமான கூண்டிலேயே கிடந்து வந்த குட்டிக்கு, படுக்கையை நனைக்கக் கூடாது என்ற இயல்பே மழுங்கிப் போயிருக்கலாம்.

கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும்? எப்போதும் வெளியே மட்டும்தானா, அல்லது உள்ளே ஓர் இடமும் இருந்தால் பரவாயில்லையா? இதை யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

காசு இந்தப் பட்டியலில் இல்லை என்று பார்க்கிறீர்களா? எந்த வழியானாலும் பெரிய செலவு உங்கள் முதல் மாதத் தூக்கமும் கவனமும்தான்.

## வழி ஒன்று: முதல் நாளிலிருந்தே வெளியே

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், தண்ணீர் குடித்ததும், விளையாடி முடித்ததும் வெளியே. இவை தவிர, விழித்திருக்கும் நேரத்தில் சின்னக் குட்டிக்கு அரை மணிக்கு ஒரு தடவை, முக்கால் மணிக்கு ஒரு தடவை. கேட்கவே மூச்சு வாங்கும், ஆனால் இடைவெளி வாரத்துக்கு வாரம் நீளும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, இது தெரியாமல்தான் பலரும் "ஒரு மணி நேரம் வெளியே நின்றேன், உள்ளே வந்ததும் விரிப்பில் போய்விட்டது" என்று புலம்புகிறார்கள். சொந்தத் தோட்டமானாலும் கயிற்றில் கூட்டிப் போங்கள், ஒரே இடத்தில் மரம்போல நில்லுங்கள், ஐந்து நிமிடம் பாருங்கள். போகவில்லையா, திட்ட வேண்டாம், உள்ளே வாருங்கள். ஆனால் குட்டியைத் தரையில் விடாதீர்கள். மடியிலோ கூண்டிலோ வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். போனதா? அந்த இடத்திலேயே, அது முடித்த அடுத்த இரண்டு விநாடிக்குள் தின்பண்டம். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றுதான் அதற்குப் புரியும். குட்டிகள் ஒரே தடவையில் முழுதாகக் காலி செய்வதும் இல்லை, இன்னும் இரண்டு நிமிடம் நில்லுங்கள், இரண்டாவது தவணை வரும்.

போனதும் சட்டென்று உள்ளே இழுத்து வராதீர்கள். "போனால் ஊர்சுற்றல் முடிந்துவிடும்" என்று புத்திசாலி நாய் இரண்டே நாளில் கணக்குப் போட்டு, அடக்கிக்கொண்டு முகர்ந்துகொண்டே திரியும். வேலை முடிந்த பிறகுதான் உலாவும் விளையாட்டும் என்று வரிசையை மாற்றினால் அதுவே சம்பளம் ஆகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு என்றால், தூக்கம். இரவில் ஒரு தடவை, மிகச் சின்னதென்றால் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். விளக்கு, கொஞ்சல் எதுவும் இல்லாமல் போய்விட்டு வந்து படுக்க வைத்துவிட வேண்டும். இரண்டாவது செலவு மழை. வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கும் நாய்க்கு ஈரப்புல் என்பது நமக்கு இடுப்பளவு குளிர்ந்த தண்ணீர். அது மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கொஞ்ச இடத்தில் புல்லை ஒட்ட வெட்டி, மேலே ஒரு மறைப்புக் கட்டி, நீங்களும் கூடவே நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். கதவைத் திறந்துவிட்டு "போ" என்று சொல்லிவிட்டு நாம் மட்டும் உள்ளே நின்றால், அதுவும் உள்ளேயே நிற்கும்.

மூன்றாவது செலவு சின்ன நாய்க்கே உரியது. தூக்கிக்கொண்டு ஓடுவது சுலபம் என்பதால் தூக்கிக்கொண்டே இருப்போம். தூக்கியே பழகிய நாய், கதவுக்கு நடந்து வந்து நிற்கக் கற்றுக்கொள்ளாது. முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகு கீழே இறக்கிவிட்டு, கதவு வரை நடத்திக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் ஆள் இருந்து, மண் பக்கத்தில் இருந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள், இதுதான்.

## வழி இரண்டு: முதலில் பேட், பிறகு வெளியே

வேலைக்குப் போகிறவர்களும் மாடியில் இருப்பவர்களும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். விரிப்பை ஒரு மூலையில் போடு, அதில் போனால் பரிசு, ஊசி முடிந்ததும் வெளியே மாற்று. சொல்லும்போது ஒரு வரிதான்.

செய்யும்போது நீங்கள் பழக்குவது ஒரு பழக்கம் இல்லை, இரண்டு. வீட்டுக்குள், மெத்தென்ற துணியில் போவது சரி என்று முதலில் கற்றுக்கொடுத்து, சில மாதம் கழித்து அதே நாயிடம் அது தப்பு என்கிறீர்கள். காலுக்கடியில் மெத்தென்று இருந்தால் போகலாம் என்று படிந்த நாய்க்கு, குளியலறை மிதியடியும் கழற்றிப் போட்ட துண்டும் பேட்தான். என் முதல் நாய் எங்கள் வீட்டு மிதியடிகளை ஒன்று விடாமல் காலி செய்தது. அதை நாற்பது நிமிடம் வெளியே நடத்திக் கூட்டி வந்தால், கழுத்துப்பட்டையைக் கழற்றும் வரை பொறுமையாக இருந்துவிட்டு நேராகப் பேட்டுக்கு ஓடும். அது என்னை ஏமாற்றவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தது.

மாற்ற நினைத்தால் செய்ய வேண்டியது இது: பேட்டைத் தினமும் ஓரிரு அடி வெளிக்கதவை நோக்கி நகர்த்துங்கள். கதவுக்குப் பக்கத்தில் நான்கைந்து நாள். பிறகு கதவுக்கு வெளியே, பிறகு புல்லின் மேல். அங்கே நாளுக்கு நாள் கத்தரித்துச் சின்னதாக்குங்கள். நடுவில் ஒரு நாள் தவறியதும் பயந்து பழைய மூலைக்கே கொண்டுபோய்விட்டால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. நான் இரண்டு தடவை அப்படிச் செய்தேன். கடைசியில் உதவியது, வீட்டில் இருக்கும் நாட்களில் பேட்டை அடியோடு எடுத்துவிட்டு, நாயைக் கயிற்றால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை வெளியே போய் நின்றதுதான். அதாவது, ஆரம்பத்தில் தப்பித்துக்கொண்ட வழி ஒன்றின் உழைப்பை நான்கு மாதம் தள்ளிச் செய்தேன்.

இருந்தாலும் பேட்டைக் கெட்டது என்று தள்ள மாட்டேன். நாள் முழுக்க ஆள் இல்லாத வீடு, இறங்க முடியாத மாடி, நடமாட முடியாத முதியவர் வளர்க்கும் நாய், ஊசி முடியாத குட்டிக்கு வெளியே பாதுகாப்பான இடமே இல்லாத நிலை. இங்கெல்லாம் அது தேவைதான். உள்ளேயும் ஓர் இடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் மாற்றும் கஷ்டமே வராது, மூன்று கிலோ நாய்க்கு அது ஒரு கௌரவமான ஏற்பாடு. பின்னால் மாற்றத்தான் போகிறோம் என்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: துணி பேட்டுக்குப் பதில் புல் ட்ரே வையுங்கள், நிஜப் புல்லாக இருந்தால் மிக நல்லது. காலுக்குப் புல் பழகியிருந்தால், நாளைக்கு இடம் மட்டும்தான் மாறும், தரை மாறாது. அடிக்கடி மாற்ற வேண்டும், பூச்சி வரும், வாசனை வரும், ஆனாலும் அது அந்த மிதியடிகளை விட மேல்.

## வழி மூன்று: கூண்டு

இது தனி வழி இல்லை, முதல் வழிக்குத் துணை. நாய் தான் படுக்கும் இடத்தை நனைக்க விரும்பாது என்ற இயல்பை நம்பி இது நிற்கிறது. உங்களால் கண் வைத்திருக்க முடியாத கொஞ்ச நேரம் குட்டி கூண்டில், வெளியே எடுத்ததும் நேராக வாசலுக்கு.

அளவில்தான் எல்லாரும் தப்பு செய்கிறோம். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பறை. பெரியதாக வாங்கிவிட்டிருந்தால் நடுவில் தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு கொடுத்து, அது தானாகப் போய்ப் படுக்கும் அளவுக்கு வந்த பிறகே மூடுங்கள்.

இதன் மறைந்த ஆபத்து, நம் சோம்பல். கத்தாமல் கிடக்கிறதே என்று மணிக்கணக்கில் விட்டுவிடுவோம். அடக்க முடியாமல் ஒரு தடவை, இரண்டு தடவை உள்ளேயே போய் அதிலேயே படுத்துப் பழகினால், எந்த இயல்பை நம்பினோமோ அதுவே உடைந்துவிடும், பிறகு கூண்டு எதற்கும் பயன்படாது. மேலே சொன்ன மாதக் கணக்குக்கு மேல் பகலில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். எட்டு மணி நேரம் வேலைக்குப் போகிறவருக்குக் கூண்டு தீர்வே இல்லை; அவருக்குத் தேவை ஒரு தடுப்பு வேலி, ஒரு முனையில் படுக்கை, மறுமுனையில் புல் ட்ரே, நடுவில் ஒரு தடவை யாராவது வந்து வெளியே கூட்டிப் போவது. அசுத்தமான கூண்டிலிருந்து மீட்டு வந்த குட்டிக்கும், மூடினால் எச்சில் வடிய நடுங்கும் குட்டிக்கும் இது ஆகாது. அவற்றை இடுப்புக் கயிற்றில் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நாய் என்பதால் அது இடைஞ்சலே இல்லை.

## மணி

கதவில் குட்டியின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் ஒரு மணி கட்டி, ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் அதைத் தொட வைப்பது. அழகான ஏற்பாடு. ஆனால் இது பழக்கும் வழி இல்லை, ஓரளவு பழகிய நாய் நமக்குத் தகவல் சொல்லும் வழி. பூனையைப் பார்த்தாலும் அடிக்கும். அடித்ததும் கயிறு, கழிப்பிடம், மூன்று நிமிடம், திரும்பி உள்ளே என்று வறட்சியாக நடந்துகொண்டால் விளையாட்டுக்கு அடிப்பது குறையும்.

## ஒரே பார்வையில்

| | நேராக வெளியே | பேட் / புல் ட்ரே | கூண்டு + வெளியே |
|---|---|---|---|
| முதல் மாத உழைப்பு | மிக அதிகம் | குறைவு | அதிகம், ஆனால் நடுவில் மூச்சு விடலாம் |
| பின்னால் வரும் உழைப்பு | கிட்டத்தட்ட இல்லை | வெளியே மாற்றுவதானால் அதிகம் | குறைவு |
| பகலில் ஆள் இல்லாத வீடு | முடியாது | முடியும் | சில மணி நேரம் மட்டும் |
| ஊசி முடியாத குட்டி | பாதுகாப்பான சொந்த இடம் இருந்தால் | சரி | பாதுகாப்பான சொந்த இடம் இருந்தால் |
| சொல்லாத செலவு | இரவுத் தூக்கம், மழை | மிதியடிகள், இரட்டைப் பழக்கம் | அளவு தப்பினால் இரண்டாவது கூண்டு |

## எதைத் தேர்ந்தாலும்

மூக்கைக் கொண்டுபோய் ஈரத்தில் தேய்ப்பதை ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் முன்னால் நடந்ததற்கு இப்போது திட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. குற்ற உணர்ச்சியில் தலை குனிகிறது என்று நாம் நினைப்பது, நம் முகத்தைப் பார்த்து வரும் பயம். திட்டு வாங்கிய நாய் கற்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் எதிரில் போகக் கூடாது. பிறகு வெளியே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் போகாது, உள்ளே சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். கையும் களவுமாகப் பிடித்தால் மெல்ல ஒரு சத்தம், தூக்கு, ஓடு. அங்கே மிச்சத்தை முடித்தால் பரிசு.

துடைப்பதற்கு என்சைம் கலந்த திரவம் வாங்குங்கள். அமோனியா கலந்த எதுவும் வேண்டாம், மூத்திரத்திலும் அந்த வாடைதான் இருக்கிறது, துடைத்த இடத்துக்கே அழைப்பிதழ் வைத்ததாகிவிடும். எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியாவிட்டால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு அடியுங்கள்.

தொடர்ந்து நான்கு வாரம் ஒரு விபத்தும் இல்லாமல் இருந்தால் இன்னோர் அறையைத் திறந்துவிடலாம். ஒரு வாரம் சுத்தமாக இருந்ததும் வீடு முழுக்க விட்டுவிடுவதுதான் எல்லாரும் வழுக்கும் இடம். அப்புறம், விபத்தைக் குறைக்கத் தண்ணீரைக் குறைப்பது கூடவே கூடாது, அதுவும் இவ்வளவு சின்ன உடம்புக்கு.

## எந்த வழியும் வேலை செய்யாதபோது

ஆள் வந்ததும் குழைந்து, காது மடக்கி, நின்ற இடத்திலேயே சொட்டுகிறதா? அது பயமும் பரவசமும், கழிப்பறைப் பழக்கத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். நிமிர்ந்து நின்று கொஞ்சாமல், வந்ததும் கண்டுகொள்ளாமல், கொஞ்சம் கழித்துக் கீழே உட்கார்ந்து கூப்பிட்டால் பெரும்பாலும் வயதோடு சரியாகும். ஆறு மாதம் ஒரு வருடம் ஆன ஆண் நாய் நாற்காலிக் காலில் இரண்டு சொட்டு விட்டுப் போவது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பல நாய்களில் இது குறையும், பழகிவிட்டால் முழுதும் போகாமலும் இருக்கலாம்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தால், அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டு சொட்டாக வந்தால், ரத்தம் தெரிந்தால், வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், பழக்கும் வழியை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மூத்திரப்பாதைத் தொற்றாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். முக்கியும் ஒரு சொட்டுகூட வராவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். போகும்போது இரண்டு நாளைய கணக்கை எழுதி எடுத்துப் போனால், எத்தனை தடவை, எந்த நேரம், எவ்வளவு என்று, மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கும்.